நாஷ்வில் தந்தது ஒரே இரவு, ஷ்ரீவ்போர்ட் தந்தது 52 சனிக்கிழமைகள்: எல்விஸை வளர்த்த நேரலை வானொலி

எல்விஸ் பிரெஸ்லி என்றதும் நம் நினைவுக்கு வருவது தூக்கிவிட்ட காலர், நெற்றியில் விழும் முடி, ஓரிடத்தில் நிற்காத கால்கள். எல்லாமே கண்ணால் பார்க்கிற விஷயங்கள். ஆனால், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பலருக்கு அவர் முதலில் அறிமுகமானது வெறும் குரலாகத்தான். சனிக்கிழமை ராத்திரி, வீட்டு வரவேற்பறை ரேடியோவில், கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே கேட்ட ஒரு குரல்.

தொலைக்காட்சி அவரை நாடு முழுக்கக் கொண்டுபோனது 1956-ல். அதற்கு முன் சுமார் ஒன்றரை வருடம் அவர் ஒரு வானொலி நிகழ்ச்சியில் வாராவாரம் நேரலையில் பாடிக்கொண்டிருந்தார். அந்த நிகழ்ச்சியின் பெயர் ‘லூசியானா ஹேரைடு’. எல்விஸ் என்ற பாடகர் எப்படி உருவானார் என்று புரிந்துகொள்ள, அவருடைய ஹிட் பாடல்களின் பட்டியலைவிட இந்த ஒன்றரை வருடம்தான் அதிகம் உதவும்.

10 வயதில் முதல் மைக்

எல்விஸ் பிறந்தது 1935 ஜனவரி 8-ல், மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ என்ற சிற்றூரில். ஏழைக் குடும்பம். வீட்டில் பொழுதுபோக்கு என்றால் தேவாலயப் பாட்டும் ரேடியோவும்தான். டுபெலோவில் டபிள்யூ.இ.எல்.ஓ. என்ற உள்ளூர் வானொலி நிலையம் இருந்தது. அதில் ‘மிசிசிப்பி ஸ்லிம்’ என்ற பெயரில் பாடிவந்த நாட்டுப்புறப் பாடகரைப் பார்க்கச் சிறுவன் எல்விஸ் நிலையத்துக்கே போய் நிற்பதுண்டு.

1945 அக்டோபர் 3-ல், ஊர் கண்காட்சியில் நடந்த சிறுவர் பாட்டுப் போட்டியில் 10 வயது எல்விஸ் மேடையேறினார். மைக் எட்டாததால் நாற்காலி மேல் ஏறி நின்று பாடியதாகச் சொல்வார்கள். போட்டியை உள்ளூர் வானொலி ஒலிபரப்பியது. தனக்கு ஐந்தாவது இடம் கிடைத்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெரிய வெற்றி இல்லைதான். ஆனால், நேரலை மைக் முன்னால் நிற்பது என்றால் என்ன என்பது அந்தப் பையனுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

வானொலியில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

1948-ல் குடும்பம் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ரேடியோவின் குமிழைத் திருப்பினால் இரண்டு உலகங்கள் கேட்கும். ஒரு பக்கம் வெள்ளையர்களின் கன்ட்ரி இசை. இன்னொரு பக்கம் டபிள்யூ.டி.ஐ.ஏ. கறுப்பின மக்களுக்காகவே முழு நிகழ்ச்சிகளையும் வழங்கிய முதல் அமெரிக்க வானொலி நிலையம் அது. பின்னாளில் ப்ளூஸ் இசையின் ஜாம்பவானாக ஆன பி.பி.கிங் அப்போது அங்கே நிகழ்ச்சித் தொகுப்பாளர். சட்டமும் வழக்கமும் ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தன. பள்ளி தனி, பேருந்து இருக்கை தனி. ரேடியோ அலைக்கு மட்டும் அந்தப் பிரிவினை கிடையாது. எல்விஸ் இரண்டு பக்கத்தையும் கேட்டு வளர்ந்தார்.

1954 ஜூலை 5 இரவு. பகலில் ஒரு மின்பணி நிறுவனத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த 19 வயது எல்விஸ், கிதார் கலைஞர் ஸ்காட்டி மூர், டபுள் பேஸ் கலைஞர் பில் பிளாக் ஆகியோருடன் மெம்பிஸின் ‘சன்’ ஸ்டுடியோவில் இருந்தார். மெதுவான பாடல்கள் எதுவும் சரியாக அமையவில்லை. இடைவேளையில் விளையாட்டாக ‘தட்ஸ் ஆல் ரைட்’ என்ற பழைய ப்ளூஸ் பாடலைத் துள்ளலாகப் பாட ஆரம்பித்தார். ஸ்டுடியோ உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸுக்கு அது பிடித்துப்போனது. உடனே பதிவு செய்தார்.

சில நாட்களிலேயே மெம்பிஸ் வானொலித் தொகுப்பாளர் டூயி ஃபிலிப்ஸ் (சாமுக்கு உறவினர் அல்ல) அந்தப் பாடலை ஒலிபரப்பினார். நேயர்களிடமிருந்து தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அன்று இரவே எல்விஸை நிலையத்துக்கு வரவழைத்தார்கள். தன் பாட்டு ரேடியோவில் வருவதைக் கேட்கக் கூச்சப்பட்டு, பையன் சினிமா தியேட்டருக்குப் போய் உட்கார்ந்திருந்தாராம்! பேட்டி எடுக்கிறோம், மைக் ஆனில் இருக்கிறது என்று சொல்லாமலேயே டூயி பேச்சுக் கொடுத்தார். அதில் ஒரு கேள்வி, ‘எந்த ஹைஸ்கூலில் படித்தாய்?’ என்பது.

சாதாரணக் கேள்விபோலத் தோன்றும். ஆனால், மெம்பிஸில் பள்ளிகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ‘ஹியூம்ஸ்’ என்று எல்விஸ் பதில் சொன்னதும், பாடியவர் வெள்ளை இளைஞர் என்பது கேட்ட எல்லோருக்கும் புரிந்துவிட்டது. குரலை மட்டும் கேட்டவர்கள் பலர் அதுவரை அவரைக் கறுப்பினப் பாடகர் என்றே நினைத்திருந்தார்கள்.

நாஷ்வில்: ஒரே பாட்டு, ஒரே இரவு

அந்த ரெக்கார்டின் மறுபக்கத்தில் இருந்தது ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’. புளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்ரோவின் பாடல் இது. மூன்று தட்டு வால்ட்ஸ் தாளத்தில் இருந்ததை எல்விஸ் குழு நான்கு தட்டுத் தாளத்துக்கு மாற்றி வேகமாகப் பாடியிருந்தது.

கன்ட்ரி இசை உலகின் உச்சமேடை, நாஷ்வில் நகரத்தின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’. ஒவ்வொரு சனிக்கிழமையும் ரைமன் அரங்கிலிருந்து டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் நேரலை. சாம் ஃபிலிப்ஸ் முயன்று வாங்கிய வாய்ப்பில், 1954 அக்டோபர் 2-ல் எல்விஸ் அங்கே மேடையேறினார். பாடியது மன்ரோவின் அந்த ஒரே பாடல்தான். கைதட்டல் இருந்தது. ஆனால், மரியாதைக்கான கைதட்டல்.

‘மறுபடியும் லாரி ஓட்டப் போ’ என்று ஆப்ரி நிர்வாகி சொன்னதாக ஒரு கதை ரொம்பப் பிரபலம். அது உண்மையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மறுபடி அழைப்பு வரவில்லை என்பது மட்டும் உண்மை. ஆப்ரியில் எல்விஸ் பாடியது அந்த ஒருமுறைதான்.

ஆப்ரியைக் குறை சொல்லவும் முடியாது. அது ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களுக்கான மேடை. அங்கே வருகிறவர் முதல் நாளே தேர்ந்த கலைஞராக இருக்க வேண்டும். எல்விஸோ மூன்று மாத அனுபவம் உள்ள புதுமுகம்.

ஹேரைடு என்றால் என்ன?

வைக்கோல் நிரப்பிய வண்டியில் கூட்டமாக ஏறிப் பாட்டும் சிரிப்புமாகச் சுற்றிவரும் கிராமத்துக் கொண்டாட்டத்துக்குத்தான் அமெரிக்காவில் ‘ஹேரைடு’ என்று பெயர். அந்தப் பெயரில் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரத்தில் 1948 ஏப்ரலில் ஒரு வானொலி நிகழ்ச்சி தொடங்கியது. நகராட்சி அரங்கில் பார்வையாளர்கள் முன்னிலையில் பாடுவார்கள், கே.டபிள்யூ.கே.எச். வானொலி அப்படியே ஒலிபரப்பும்.

ஆப்ரி கேட்கிற ஹிட் வரலாறு எதையும் ஹேரைடு கேட்காது. புதியவர்களுக்கும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் இடம் கொடுக்கும். ஹேங்க் வில்லியம்ஸ் 1948-ல் இங்கே பாடித்தான் வளர்ந்தார். அடுத்த வருடமே ஆப்ரிக்குப் போய்விட்டார். இப்படி வளர்த்துவிடுவதும், வளர்ந்தவர்கள் நாஷ்வில் போய்விடுவதும் வழக்கமாகிப்போனதால், ‘நட்சத்திரங்களின் தொட்டில்’ என்றே ஹேரைடுக்குப் பெயர் வந்துவிட்டது.

நாஷ்வில் முடிந்து சரியாக இரண்டு வாரம். 1954 அக்டோபர் 16, சனிக்கிழமை. எல்விஸ், ஸ்காட்டி, பில் மூவரும் மெம்பிஸிலிருந்து சுமார் 550 கி.மீ. காரில் பயணம் செய்து ஷ்ரீவ்போர்ட் வந்து சேர்ந்தார்கள்.

அறிவிப்பாளர் ஃபிராங்க் பேஜ் அவரை அறிமுகப்படுத்தினார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. இந்தப் புதிய பாணியை எப்படிப் பிடித்தீர்கள் என்று பேஜ் கேட்கிறார்; உண்மையைச் சொன்னால் தற்செயலாக இடறிக் கண்டுபிடித்ததுதான் என்கிறார் எல்விஸ். பணிவான, கொஞ்சம் பதற்றமான குரல். பிறகு ரெக்கார்டின் இரண்டு பாடல்களையும் பாடுகிறார்.

அன்று அவருக்கு இரண்டு முறை மேடையேற வாய்ப்பு. முதல் முறை அவ்வளவாக எடுபடவில்லை என்றும், கூடவே வந்திருந்த சாம் ஃபிலிப்ஸ் ‘பயப்படாமல் உன் இஷ்டத்துக்குப் பாடு’ என்ற தோரணையில் தைரியம் சொன்ன பிறகு இரண்டாவது முறை கூட்டம் உற்சாகமானது என்றும் எல்விஸின் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நாஷ்விலில் கிடைக்காதது இந்த இரண்டாவது முறைதான்.

18 டாலர் ஒப்பந்தம்

மூன்று வாரம் கழித்து, நவம்பர் 6-ல் ஹேரைடு அவருடன் ஓராண்டு ஒப்பந்தம் போட்டது. எல்விஸுக்கு 21 வயது ஆகாததால் பெற்றோரும் கையெழுத்திட்டார்கள். ஒரு சனிக்கிழமைக்கு எல்விஸுக்கு 18 டாலர். ஸ்காட்டிக்கும் பில்லுக்கும் தலா 12 டாலர். அப்போது அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். அந்தக் கணக்கில் 18 டாலர் என்பது 24 மணி நேரக் கூலி. அதில் போக, வர ஆகும் பெட்ரோல் செலவையும் பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவு குறைந்த தொகைக்கு ஏன் ஒப்புக்கொண்டார்கள்? பதில் கே.டபிள்யூ.கே.எச். நிலையத்தின் 50,000 வாட் திறனில் இருக்கிறது. அமெரிக்காவில் ஏ.எம். வானொலிக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்சத் திறன் அதுதான்.

மத்திய அலை ஒலிபரப்பு பகலில் தரையை ஒட்டியே போகும். குறிப்பிட்ட தூரத்தில் தேய்ந்துவிடும். மேல்நோக்கிப் போகும் அலைகளை வளிமண்டலத்தின் ‘டி’ அடுக்கு உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் இந்த அடுக்கு கலைந்துபோகும். அதற்கு மேலே உள்ள அயனி அடுக்குகளில் பட்டு அலைகள் திரும்பத் தரைக்கு வரும். அதனால் பகலில் பக்கத்து ஊர்களில் மட்டும் கேட்கிற நிலையம், ராத்திரியில் பல மாநிலங்களில் கேட்கும். சனிக்கிழமை இரவு நிகழ்ச்சிகளுக்கு இருந்த மவுசுக்கு இந்த இயற்பியலும் ஒரு காரணம்.

சனிக்கிழமை ரேடியோவில் கேட்டவர்கள், மற்ற நாட்களில் நேரில் பார்க்க வந்தார்கள். கிழக்கு டெக்சஸ், ஆர்கன்சா, மிசிசிப்பி என்று சின்னச்சின்ன ஊர்களின் பள்ளிக்கூட அரங்குகளிலும் கிளப்புகளிலும் நிகழ்ச்சிகள் கிடைத்தன. ஹேரைடு தந்த 18 டாலர் சம்பளம் என்பதைவிட, வாராவாரம் கிடைத்த இலவச விளம்பரம் என்பதே பொருத்தம். ஒப்பந்தம் போட்ட அதே இரவில் அவர் ஒரு டோனட் நிறுவனத்துக்காக விளம்பரப் பாட்டும் பாடினார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே விளம்பரம் அதுதான் என்று சொல்வார்கள்.

ஆட்டம் காதில் விழுமா?

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்விஸின் பாதித் திறமை உடலசைவில். ரேடியோவில் அது எப்படித் தெரியும்?

ஒரு வழி, பார்வையாளர்களின் கூச்சல். எல்விஸ் காலை அசைத்தால் அரங்கில் இருக்கும் பெண்கள் அலறுவார்கள். அந்த அலறல் மைக்கில் போகும். ‘அப்படி என்னதான் பண்றான் இந்தப் பையன்?’ என்ற ஆவல் கேட்பவர்களுக்கு வந்துவிடும். ஸ்டுடியோ ரெக்கார்டில் இது கிடைக்காது.

இன்னொரு வழி, டிரம்ஸ். ‘தட்ஸ் ஆல் ரைட்’ பதிவில் டிரம்ஸே கிடையாது. பில் பிளாக் தன் டபுள் பேஸின் நரம்புகளை அறைந்து வாசித்ததுதான் தாளம். அன்றைய கன்ட்ரி மேடைகள் டிரம்ஸை அவ்வளவாக விரும்பியதில்லை. ஹேரைடு மட்டும் டி.ஜே.ஃபொன்டானா என்ற டிரம்மரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. அவரையும் ஆரம்பத்தில் திரைக்குப் பின்னால்தான் உட்கார வைத்தார்கள். கிளப் நடன நிகழ்ச்சிகளுக்கு வாசித்த அனுபவம் அவருக்கு இருந்தது. நடனக்காரரின் ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் அடி கொடுத்துத் தூக்கிக்காட்டும் வித்தை அது. அதையே எல்விஸின் கால் அசைவுகளுக்கும் வாசித்தார். கண்ணுக்கு மட்டும் தெரிந்த ஆட்டம் காதுக்கும் கேட்க ஆரம்பித்தது. 1955-ல் ஃபொன்டானா குழுவின் நிரந்தர உறுப்பினரானார். பின்னாளில் உலகம் கேட்ட எல்விஸ் குழுவின் சத்தம், இப்படி ஹேரைடு மேடையில்தான் முழுமை பெற்றது.

வாராவாரம் பாட வேண்டும் என்பதால் அதே இரண்டு பாட்டை வைத்து ஓட்ட முடியாது. மற்றவர்களின் பாடல்களையும் முயன்று பார்த்தார். லாவெர்ன் பேக்கரின் ‘ட்வீடில் டீ’, சக் பெர்ரியின் ‘மேபெலின்’ ஆகியவற்றை 1955-ல் ஹேரைடில் பாடிய பதிவுகள் கிடைத்துள்ளன. இரண்டுமே கறுப்பினக் கலைஞர்களின் அன்றைய ஹிட்கள். இரண்டையும் அவர் ஸ்டுடியோவில் பதிவு செய்து வெளியிடவே இல்லை. எது எடுபடும், எது எடுபடாது என்பதை அந்த மேடை அடுத்த நிமிடமே சொல்லிவிடும். தப்பாகப் போனாலும் அடுத்த சனிக்கிழமை இருக்கிறது.

வாய்ப்பு யாருக்குக் கிடைக்கவில்லை?

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. ‘தட்ஸ் ஆல் ரைட்’ பாடலை எழுதி, 1940-களில் பாடிப் பதிவு செய்தவர் ஆர்தர் ‘பிக் பாய்’ குருடப். மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பின ப்ளூஸ் கலைஞர். எல்விஸே அவரைப் பேட்டிகளில் மரியாதையோடு குறிப்பிட்டிருக்கிறார்.

ஆனால், ஹேரைடு வெள்ளையர்களின் கன்ட்ரி இசைக்கான மேடை. பிரிவினைச் சட்டங்கள் அமலில் இருந்த நகரத்தில், குருடப் போன்ற ஒருவருக்கு 52 சனிக்கிழமை ஒப்பந்தம் என்பது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். பாட்டின் மூலம் வந்த பணமும் அவருக்கு முறையாகப் போய்ச் சேரவில்லை. பாட்டை விட்டுவிட்டுக் கூலி வேலை செய்து பிழைத்தார். உரிய ராயல்டிக்காகக் கடைசிவரை போராடி, அது கைக்கு வராமலேயே 1974-ல் இறந்தார். தப்பு செய்து கற்றுக்கொள்ள எல்விஸுக்கு இடம் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் தோலின் நிறத்தைப் பார்த்தே வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

10,000 டாலர் கொடுத்து விடுதலை

1955 நவம்பரில் ஆர்.சி.ஏ. நிறுவனம் சன் நிறுவனத்துக்கு 35,000 டாலர் கொடுத்து எல்விஸின் ஒப்பந்தத்தை வாங்கியது. ஹேரைடும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, ஒரு நிகழ்ச்சிக்கு 200 டாலர் ஆக்கியிருந்தது. ஒரே வருடத்தில் 11 மடங்குக்கு மேல்!

ஆனால், வளர்த்த ஒப்பந்தமே இப்போது கட்டிப்போட்டது. நாடு முழுக்க நிகழ்ச்சிகளுக்கு அழைப்பு வரும்போது, அதிக வசூல் தரும் சனிக்கிழமையன்று அவர் ஷ்ரீவ்போர்ட்டில் இருக்க வேண்டும். 1956 ஏப்ரலில் மேலாளர் ‘கர்னல்’ டாம் பார்க்கர் 10,000 டாலர் கொடுத்து அவரை விடுவித்தார். ஹேரைடுக்காக இன்னும் ஒரே ஒரு நிகழ்ச்சியில் பாட வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குள் சுமார் 50 முறை அவர் அங்கே பாடியிருந்தார்.

அந்தக் கடைசி நிகழ்ச்சி நடந்தது 1956 டிசம்பர் 15-ல். இடையில், செப்டம்பரில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைச் சுமார் 6 கோடிப் பேர் பார்த்திருந்தார்கள். வழக்கமான அரங்கம் போதாது என்று நகரின் கண்காட்சித் திடலில் இருந்த பெரிய அரங்கில் நடத்தினார்கள். அன்றைய பதிவில் பாட்டைவிட அலறல்தான் அதிகம் கேட்கிறது. அவர் பாடி முடித்ததும் கூட்டம் அவரைத் தேடி வெளியே ஓடப்பார்க்க, மற்ற கலைஞர்கள் பாக்கி இருக்கிறார்களே என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஹோரஸ் லோகன் மைக்கில் கெஞ்சினார். எல்விஸ் கட்டடத்தை விட்டுப் போய்விட்டார், உட்காருங்கள் என்றார். பின்னாளில் அவருடைய கச்சேரிகளின் முடிவில் வழக்கமாகச் சொல்லப்பட்டு, ஆங்கிலத்தில் மரபுத்தொடராகவே மாறிவிட்ட அறிவிப்பு அது.

என்ன மிச்சம் இருக்கிறது?

நேரலை வானொலி, காற்றோடு போகிற கலை. பாடினார்கள், கேட்டார்கள், முடிந்தது. சுமார் 50 இரவுகளில் சிலவற்றின் பதிவுகள் மட்டுமே தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றிலும் பல தெளிவில்லாதவை. எல்விஸ் தடுமாறிய சனிக்கிழமைகளில் பெரும்பாலானவை நமக்குக் கேட்கக் கிடைக்காது.

கிடைத்த பதிவுகளை வரிசையாகக் கேட்டால் ஒன்று புரியும். 1954 அக்டோபரில் அறிவிப்பாளரிடம் தயங்கித் தயங்கிப் பேசும் பையனுக்கும், 1956 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரின் சத்தத்துக்கு எதிரே சளைக்காமல் பாடுகிறவருக்கும் இடையே இருப்பது 26 மாதங்கள்தான். குரல் அதேதான். நடுவில் நடந்தது, ஒவ்வொரு சனிக்கிழமையும் 550 கி.மீ. வண்டி ஓட்டிவந்து, 18 டாலருக்கு, அந்நியர்கள் முன்னால் எடுத்த பயிற்சி. ஒரே வீடியோவில் ஒருவரைத் தூக்கி வைப்பதும், அடுத்த வீடியோவில் இறக்கிவிடுவதும் வழக்கமாகிவிட்ட இந்தக் காலத்தில், புதுமுகங்களுக்கு அந்த இரண்டாவது சனிக்கிழமையைத் தருகிற மேடைகள் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பார்க்கலாம்.